முழுத்தேர்ச்சி முறை: நான்கு வழிகளில் உங்கள் வகுப்புக்கு எது?

நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு பாடத்தை நடத்தி முடிக்கிறோம். சிலருக்கு நன்றாகப் பிடிபட்டிருக்கும், பலருக்கு அரைகுறை, கடைசி இரண்டு வரிசைக்கு ஒன்றுமே ஏறியிருக்காது. அடுத்த வாரம் அடுத்த பாடம் தொடங்கிவிடும். எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தோம், கற்றது ஆளுக்கு ஆள் மாறிப்போனது. இதைத் திருப்பிப் போட வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் ப்ளூம் 1968இல் எழுதினார். நேரம் ஆளுக்கு ஆள் மாறட்டும், கற்றது மட்டும் எல்லோருக்கும் முழுமையாக இருக்கட்டும் என்பதுதான் முழுத்தேர்ச்சி முறையின் அடிப்படை.

கொள்கையாகக் கேட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் ஆறு முதல் ஒன்பது வரை கணக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் மாட்டிக்கொள்வது அடுத்த கேள்வியில்தான்: "சரி, இதை எந்த வடிவத்தில் செய்வது?" தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது புதிய விஷயமும் இல்லை. செயல்வழிக் கற்றலின் ஏணிப்படியைப் பார்த்திருக்கிறோம், எண்ணும் எழுத்தும் திட்டத்தின் நிலைகளைப் பார்த்திருக்கிறோம், முப்பருவ முறையின் வளரறி மதிப்பீட்டை (பாடம் நடக்கும்போதே குறையைக் கண்டறியும் மதிப்பீடு) பார்த்திருக்கிறோம். எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் முழுத்தேர்ச்சியை நோக்கியவை. ஆனால் ஒன்றுக்கொன்று வேலையும் வேறு, செலவும் வேறு.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: பிள்ளைக்குப் புரியவில்லை என்று தெரிந்த மறுநாள் வகுப்பில் என்ன நடக்கிறது? மீண்டும் கற்பிக்க ஒரு பீரியட்கூட ஒதுக்காத முறைக்கு என்ன பெயர் வைத்தாலும் அது கூடுதலாக ஒரு தேர்வு, அவ்வளவுதான். கீழே நான்கு முறைகளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் முதலில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, ஆசிரியருக்கு எவ்வளவு வேலை கூடுகிறது என்பது. வினாத்தாள் தயாரிப்பு, திருத்துவது, பதிவேடு எல்லாம் இதில் சேரும். மூன்றாவது, வேகமாகப் போகும் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்பது. நான்காவது, நீண்ட நாள் வராமல் போய்த் திரும்பும் பிள்ளைக்கு இடம் இருக்கிறதா என்பது. கடைசியாக, எமிஸில் (அரசின் கல்வித் தகவல் இணையதளம்) ஏற்ற வேண்டிய மதிப்பெண், பெற்றோர் கேட்கும் கேள்வி, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஆகிய மூன்றோடும் அந்த முறை ஒத்துப்போகிறதா என்பது.

## முதல் வழி: அவரவர் வேகத்தில் ஏணி

இதற்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் செயல்வழிக் கற்றல். ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி தன்னைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையிலிருந்து ஊக்கம் பெற்று, 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளின் முதல் நான்கு வகுப்புகளுக்குப் போனது. பாடத்தைச் சிறு சிறு படிகளாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. பிள்ளை ஏணிப்படத்தில் தன் இடத்தைப் பார்த்து, தானே அட்டையை எடுத்து வந்து பாயில் உட்காரும். மதிப்பீட்டு அட்டையும் ஏணிக்குள்ளேயே வந்துவிடும். அதைத் தாண்டினால்தான் அடுத்த படி.

இதன் ஆகப் பெரிய பலம் வராத பிள்ளைக்குக் கிடைப்பது. செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ பெற்றோருடன் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வரும் பிள்ளை விட்ட படியிலிருந்து தொடரலாம். சாதாரண வகுப்பில் அதே பிள்ளை, நடுவில் தவறிய பாடங்களின் மேல் நின்றுகொண்டு புதுப் பாடம் கேட்க வேண்டியிருக்கும். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளிக்கும் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், அட்டைகள் கிழியும், தொலையும். ஓர் அட்டை இல்லையென்றால் அந்தப் படியில் நிற்கும் பிள்ளை அங்கேயே நிற்கும். முப்பது பிள்ளைகள் முப்பது படிகளில் இருக்கும்போது, ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்தால் இன்னொருவர் காத்திருக்க வேண்டும். வகுப்பே சேர்ந்து ஒரு கணக்கைப் பற்றிப் பேசுவது, "நீ எப்படிப் போட்டாய், அவன் எப்படிப் போட்டான்" என்று ஒப்பிடுவது எல்லாம் அநேகமாக இல்லாமல் போகும். கணக்குப் பாடத்துக்கு இது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். "நோட்டில் ஒன்றும் எழுதவில்லையே, வீட்டுப்பாடமும் இல்லையே" என்ற பெற்றோரின் கவலைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அவரவர் வேகம் என்று விட்டால் சிலர் நகரவே மாட்டார்கள். ஃபிரெட் கெல்லர் 1960களில் உருவாக்கிய சுயவேகப் பாடமுறையை அமெரிக்கக் கல்லூரிகள் பல பின்பற்றின. முடித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள், ஆனால் பாதியில் நிறுத்தியவர்களும் வழக்கத்தைவிட அதிகம். கல்லூரி மாணவருக்கே அப்படியென்றால், ஏழாம் வகுப்புப் பிள்ளையை யாராவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

## இரண்டாம் வழி: நிலைவாரிக் குழு

வகுப்பு எதுவாக இருந்தாலும், பிள்ளை இன்று எந்த நிலையில் இருக்கிறதோ அதை வைத்துக் குழு பிரித்துக் கற்பிப்பது. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் இதைப் பல மாநிலங்களில் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் 2022-23இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும், அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளை வைத்தது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. 2025-26இல் ஆறு முதல் ஒன்பது வரை, அடிப்படைத் திறன் விட்டுப்போன பிள்ளைகளுக்காகத் திறன் இயக்கம் வந்திருக்கிறது.

எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழித்தல் தெரியவில்லை என்றால், விகிதமுறு எண்களை மூன்று முறை மறுபடி நடத்தினாலும் பயன் இல்லை. குறை அந்தப் பாடத்தில் இல்லை, நான்கு வருடத்துக்கு முன்னால் இருக்கிறது. அங்கே போய்த் தொடங்கத் துணிவு தருவது இந்த முறை மட்டும்தான்.

ஆனால் தனி நேரம் வேண்டும். "கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று வைத்தால் நடக்காது. ஹரியானா அரசுப் பள்ளிகளில் தினமும் தனியாக நேரம் ஒதுக்கி, மேற்பார்வையும் வைத்துச் செய்தபோது மொழிப்பாடத்தில் முன்னேற்றம் தெரிந்தது. நேரமும் மேற்பார்வையும் இல்லாமல் புத்தகத்தையும் பயிற்சியையும் மட்டும் கொடுத்துவிட்டுப் போன இடங்களில் அவ்வளவு பலன் இல்லை.

இதன் மறைந்த விலை பெயர் ஒட்டிக்கொள்வது. இரண்டே மாதத்தில் "அவன் அரும்பு சார்" என்று பக்கத்துப் பிள்ளை சொல்லத் தொடங்கிவிடும். ஆசிரியர் அறையில் "மெல்லக் கற்போர்" என்ற பட்டியல் ஜூனில் எழுதப்பட்டு ஏப்ரல் வரை மாறாமல் இருக்கும். பட்டியல் மாறவில்லை என்றால் முறை வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்துக் குழுவைக் கலைத்துப் போட முடியாத பள்ளி இதைத் தொடங்காமல் இருப்பது நல்லது. நாள் முழுவதும் பிரித்து வைப்பதும் கூடாது. ஒரு பீரியட் குழு, மற்ற நேரம் எல்லோரும் ஒன்றாக.

## மூன்றாம் வழி: வகுப்பே சேர்ந்து போவது, நடுவில் நிறுத்திச் சரிசெய்வது

ப்ளூம் சொன்ன வடிவம் இதுதான். வழக்கம்போல் எல்லோருக்கும் நடத்துவது, பாடம் முடிந்ததும் மதிப்பெண் போடாத ஒரு சிறு சோதனை. தாண்டாதவர்களுக்குக் குறைதீர் கற்பித்தல், தாண்டியவர்களுக்குக் கடினமான வேலை. அப்புறம் அதே திறனுக்கு வேறு வினாக்களோடு இரண்டாவது சோதனை. பிறகுதான் அடுத்த பாடம்.

ஏழாம் வகுப்பில் முழுக்களை எடுத்துக்கொள்வோம். சோதனையில் ஐந்தே கேள்வி போதும்:

−7 − 4
−7 + 4
4 − (−7)
(−4) × (−7)
ஊட்டியில் இரவில் −1 டிகிரி, பகலில் 14 டிகிரி. வித்தியாசம் எவ்வளவு?

முதல் கேள்விக்கு 11 என்று எழுதிய பிள்ளையும் −3 என்று எழுதிய பிள்ளையும் ஒரே மாதிரி தவறு செய்யவில்லை. 11 எழுதியது "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று பெருக்கலுக்குச் சொன்னதைக் கூட்டலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதனிடம் "ஏழு ரூபாய் கடன் இருக்கிறது, இன்னும் நான்கு ரூபாய் கடன் வாங்கினாய், இப்போது கையில் பதினொரு ரூபாய் இருக்குமா?" என்று கேட்டால் பிடித்துக்கொள்ளும். −3 எழுதியது முதல் மைனஸை ஒதுக்கி வைத்துவிட்டு ஏழில் நான்கைக் கழித்து, பிறகு அந்த மைனஸை ஒட்டியிருக்கிறது. தரையில் எண்கோடு வரைந்து அதை நடக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்விக்கு −11 எழுதிய பிள்ளைக்கு, ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகளைக் கொடுங்கள். வெள்ளைப் பக்கம் மைனஸ், பழுப்புப் பக்கம் பிளஸ். ஏழு வெள்ளை, நான்கு பழுப்பு வைத்து ஜோடி ஜோடியாக நீக்கினால் மூன்று வெள்ளை மிஞ்சும்.

குறைதீர் கற்பித்தல் என்றால் இதுதான். முதலில் சொன்னதையே இன்னும் சத்தமாகவும் மெதுவாகவும் சொல்வதால் பலன் இல்லை. வேறு வழியில் சொல்ல வேண்டும், அதுவும் தவறைப் பார்த்து.

தேர்ச்சிக்கு 80 சதவீதம் என்பது பரவலாகப் பின்பற்றும் வரம்பு. அப்படியே வைத்தால் ஐந்துக்கு நான்கு போட்டவர் எல்லோரும் தாண்டிவிடுவார்கள். ஆனால் அந்த ஒரு தவறு முதல் கேள்வியில் என்றால் அடுத்து இயற்கணிதத்தில் −7x − 4x வரும்போது அந்தப் பிள்ளை விழும். எத்தனை சரி என்பதோடு எது தவறு என்பதையும் பார்க்க வேண்டும். சில கேள்விகளைக் கட்டாயத் தேர்ச்சிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே செலவு நேரம்தான். ஒரு பாடத்துக்குச் சோதனைக்கு ஒரு பீரியட், சரிசெய்ய இரண்டு என்று வைத்தால் மூன்று கூடும். ஏழாம் வகுப்பு முதல் பருவத்தில் எண்ணியல், அளவைகள், இயற்கணிதம், நேர் மற்றும் எதிர் விகிதங்கள், வடிவியல், தகவல் செயலாக்கம் என்று ஆறு பாடங்கள். எல்லாவற்றுக்கும் செய்தால் பதினெட்டு பீரியட் வேண்டும், அது கிடைக்காது. என் யோசனை: எண்ணியல், இயற்கணிதம், விகிதங்கள் மூன்றுக்கு மட்டும் செய்யுங்கள். அடுத்த வருடங்கள் முழுக்க இவற்றின் மேல்தான் நிற்கின்றன. மற்ற மூன்றையும் வழக்கம்போல் நடத்துங்கள். ஒன்பது பீரியடை ஒரு பருவத்துக்குள் கண்டுபிடிக்க முடியும்.

தாண்டிய பிள்ளைகளைத் தினமும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்புவது எளிது, ஆனால் நியாயம் இல்லை. எப்போதாவது செய்யலாம். மற்றபடி அவர்களுக்கும் மூளையைக் கசக்கும் கணக்கு வேண்டும். "விடை −12 வரும்படி நான்கு வெவ்வேறு கணக்குகள் எழுது, ஒன்றிலாவது பெருக்கல் இருக்க வேண்டும்" என்பது போல.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். ப்ளூம் 1984இல் காட்டிய முடிவுகள் பிரமாதமானவை. 1990இல் சென்-லின் கூலிக், ஜேம்ஸ் கூலிக் உள்ளிட்ட குழுவினர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் உண்டு, ஆனால் ப்ளூம் சொன்ன அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. ராபர்ட் ஸ்லேவின் 1987இல் பள்ளி வகுப்புகளை மட்டும் எடுத்துப் பார்த்தார். ஆசிரியரின் பாடத்தை ஒட்டிய தேர்வில் முன்னேற்றம் இருந்தது, பொதுவான தரத்தேர்வில் கிட்டத்தட்ட இல்லை. அதனால் இது அதிசயம் செய்யும் என்று நினைத்து இறங்க வேண்டாம். நடத்திய பாடம் நிற்கிறதா என்பதில்தான் இதன் பலன் தெரியும்.

## நான்காம் வழி: மதிப்பெண்ணை மட்டும் மாற்றுவது

கற்பிப்பதை அப்படியே வைத்துக்கொண்டு, மறுதேர்வுக்கு இடம் கொடுத்து, சராசரிக்குப் பதில் கடைசி நிலையைப் பதிவது. இதன் நியாயம் ஓர் உதாரணத்திலேயே புரியும். ஒரே திறனுக்குப் பத்துப் பத்து மதிப்பெண்ணில் மூன்று சோதனை. ஒரு பிள்ளை 3, 5, 9 எடுக்கிறது. இன்னொன்று 6, 6, 5. இரண்டுக்கும் கூட்டினால் 17தான், சராசரியும் ஒன்றுதான். முதல் பிள்ளை கற்றுவிட்டது, இரண்டாவது அதே இடத்தில் நிற்கிறது. ரேங்க் கார்டில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

அதனால் மொத்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் திறன் வாரியாக எழுதுவது பெற்றோருக்கும் உதவும். "கணக்கு 57" என்றால் வீட்டில் திட்டத்தான் முடியும். "பின்னக் கூட்டல் வந்துவிட்டது, பின்ன வகுத்தல் இன்னும் இல்லை" என்றால் எங்கே உதவ வேண்டும் என்று தெரியும்.

இது மலிவாகத் தெரியும், ஆனால் இல்லை. நாற்பது பேருக்குப் பத்துத் திறன் என்றாலே நானூறு கட்டம் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு மூன்று வினாத்தாள் தயாராக இருக்க வேண்டும். மறுதேர்வு இருக்கிறதே என்று முதல் தேர்வுக்குப் படிக்காமல் வருபவர்கள் இருப்பார்கள். முதல் தாளில் தவறிய கணக்குகளைத் திருத்தி, ஏன் தவறியது என்று ஒரு வரி எழுதிக் காட்டினால்தான் மறுதேர்வு என்று வைத்தால் இது குறையும்.

பெரிய குறை வேறு. நடுவில் யாரும் கற்பிக்கவில்லை என்றால், டியூஷன் போகிற பிள்ளை மறுதேர்வில் ஏறும், போகாத பிள்ளை அதே மதிப்பெண்ணை மறுபடி எடுக்கும். முதல் அளவுகோலில் இந்த வழி தோற்கிறது. 2012-13இல் முப்பருவ முறையோடு வளரறிக்கு 40, பருவ முடிவில் நடக்கும் தொகுத்தறிக்கு 60 என்று வந்தபோதும் நோக்கம் நல்லதுதான். ஆனால் குறையைக் கண்டுபிடிக்க வந்த வளரறி மதிப்பீடு, பல இடங்களில் நாற்பது மதிப்பெண்ணை நிரப்பும் வேலையாகச் சுருங்கியது. மறுபடி கற்பிக்க அதற்கென்று பீரியட் இல்லாததே காரணம்.

## ஒரே பார்வையில்

| | ஏணி | நிலைவாரிக் குழு | வகுப்போடு சேர்ந்து | மதிப்பெண் மாற்றம் |
|---|---|---|---|---|
| மீண்டும் கற்பிக்க இடம் | படியிலேயே உண்டு | உண்டு, தனி நேரம் வேண்டும் | உண்டு, இரண்டு பீரியட் | தானாக வராது |
| ஆசிரியர் வேலை | தொடக்கத்தில் மிக அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் | பதிவேட்டு வேலை அதிகம் |
| வேகமான பிள்ளை | தடையின்றிப் போகும் | குழுவைப் பொறுத்தது | தனி வேலை கொடுக்க வேண்டும் | மாற்றம் இல்லை |
| நீண்ட நாள் வராத பிள்ளை | மிக நல்லது | நல்லது | சிரமம் | சிரமம் |
| மறைந்த விலை | வகுப்பு உரையாடல் போய்விடும் | பெயர் ஒட்டிக்கொள்ளும் | பாடத்திட்டம் பின்தங்கும் | டியூஷன் பிள்ளைக்கே லாபம் |

## அப்படியானால் யாருக்கு எது?

பல வகுப்புகளை ஒருவரே நடத்தும் சிறிய தொடக்கப் பள்ளி, அல்லது இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளி என்றால் ஏணி. வாரத்தில் ஒரு நாளாவது எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே கணக்கைப் பேச வையுங்கள்.

ஆறாம் வகுப்பில் ஜூன் மாதம் சோதித்துப் பார்த்ததில் கால்வாசிக்கு மேல் பிள்ளைகளுக்குக் கழித்தல், வகுத்தல் வரவில்லை என்றால் முதல் பருவத்தில் தினமும் ஒரு பீரியட் நிலைவாரிக் குழு. இதற்குத் தலைமை ஆசிரியர் கால அட்டவணையிலேயே இடம் போட்டுத் தர வேண்டும். ஓர் ஆசிரியர் தனியாகச் செய்தால் இரண்டே வாரத்தில் நின்றுபோகும்.

ஆறு முதல் ஒன்பது வரை, முப்பது நாற்பது பேர் வகுப்பு, அடிப்படை ஓரளவு இருக்கிறது என்றால் என் தேர்வு தயங்காமல் மூன்றாம் வழி. தனி ஆசிரியர் யாரிடமும் அனுமதி கேட்காமல், புதுச் சாதனம் எதுவும் இல்லாமல் அடுத்த வாரமே தொடங்கக்கூடியது இது ஒன்றுதான். நான்காம் வழியை இதன்மேல் ஏற்றிக்கொள்ளலாம், தனியாக வேண்டாம். எமிஸுக்கு மதிப்பெண் எப்படியும் வேண்டும். பள்ளியின் விதி இடம் கொடுத்தால் இரண்டாவது சோதனையின் மதிப்பெண்ணையே வளரறி மதிப்பெண்ணாக ஏற்றலாம்.

பத்தாம் வகுப்பு தனிக் கதை. நூறு மதிப்பெண் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16. இதற்குமேல் மூன்று இரண்டு மதிப்பெண் வினா சரியாகப் போட்டால் 36, தேர்ச்சிக்கு 35 போதும். இயற்கணிதத்தை ஆழமாகத் தொடாமலே கரையேற வழி இருக்கிறது, தேர்ச்சிக்கு மட்டும் போதுமானதைத் தொகுத்துத் தரும் மினிமம் மெட்டீரியல் எல்லாம் இதை வைத்துத்தான் அச்சாகிறது. ஜனவரிக்குப் பிறகு தேர்ச்சி விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு அதைக் கொடுப்பதில் தவறு இல்லை, அந்தப் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். முழுத்தேர்ச்சி முறையை அந்த நேரத்தில் தொடங்க வேண்டாம்.

மூன்றாம் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பதிவேட்டுக்கு ஒரே ஒரு பெரிய தாள் வைத்துக்கொண்டால் போதும். இடப்பக்கம் பெயர்கள், மேலே அந்தப் பருவத்துக்கான ஏழெட்டுத் திறன்கள். வந்துவிட்டது என்றால் டிக், வரவில்லை என்றால் என்ன தவறு என்று இரண்டு வார்த்தை. ஏப்ரலில் அந்தத் தாளை எட்டாம் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ஜூனில் யாருக்கு −7 − 4 இன்னும் 11 ஆக இருக்கிறது என்று அவர் முதல் நாளே தெரிந்துகொண்டு தொடங்கலாம்.